கொழுப்பின்றிச் சுவை தேடிய நாடு: ஜப்பானிய உணவு உருவான கதை

ஜப்பானியச் சமையலில் எண்ணெயும் மசாலாவும் ஏன் இவ்வளவு குறைவு, சுஷியும் தெம்புராவும் ராமெனும் அந்நாட்டின் தொன்மையான உணவுகள்தாமா, பௌத்த சமயம்தான் அவர்களுடைய உணவை இப்படி ஆக்கியதா என்று மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. இன்று உலகம் ஜப்பானிய உணவு என்று அறிந்திருக்கும் பண்டங்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குள் இன்றைய உருவைப் பெற்றவை. அவற்றின் அடியில் ஓடும் சுவைதான் மிகப் பழையது. இறைச்சிக் கொழுப்பு, நெய், பால், எண்ணெய் ஆகியவற்றின் துணையில்லாமல் ஒரு கிண்ணம் சோற்றை எப்படி ருசியாக உண்பது என்ற கேள்விக்கு அந்த மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தேடிக் கண்ட விடை அது. வெளியிலிருந்து வந்த பண்டம் எதுவாயினும் அந்தச் சுவையில் நனைந்த பிறகே ஜப்பானியப் பண்டமாகியிருக்கிறது. இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே பிடிபடும் என்று நான் நம்புகிறேன்.

முதலில் சோறு. ஜப்பானியத் தீவுகளின் மிகப் பழைய மக்கள், ஜோமோன் காலத்தவர் என்று அழைக்கப்படுபவர்கள், பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மண்பானையில் சமைத்தவர்கள். கொட்டைகள், மீன், சிப்பி, வேட்டை விலங்கு ஆகியவை அவர்களது உணவு. அவர்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் மேடு மேடாக இன்றும் கிடைக்கின்றன. நீர் நிறுத்திப் பயிரிடும் நெல் வேளாண்மை கிறிஸ்துவுக்கு முந்திய ஆயிரம் ஆண்டுகளில் கொரியத் தீபகற்பத்தின் வழியாக வடக்குக் கியூஷூவில் கால்வைத்து, அங்கிருந்து கிழக்கே பரவியது. அதன்பின் அரசு, வரி, சடங்கு, படிநிலை அனைத்தும் அரிசியைச் சுற்றியே அமைந்தன. எடோ காலத்தில், அதாவது பதினேழாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டும்வரை, ஒரு சிற்றரசின் செல்வத்தைப் பொன்னில் அளக்கவில்லை. ‘கொக்கு’ என்ற அளவில் அளந்தார்கள். ஒரு கொக்கு என்பது ஒருவர் ஓராண்டுக்கு உண்ணும் அரிசி, ஏறத்தாழ 150 கிலோ. ‘கோஹன்’ என்ற சொல் சோற்றையும் குறிக்கும், உணவு வேளையையும் குறிக்கும். காலையில் ரொட்டி தின்றாலும் அது ‘காலைச் சோறு’தான். நம் ஊரில் பெரியவர்கள் ‘சோறு தின்றாயா’ என்று கேட்பதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். ஆனால் அந்த அரிசியை விளைவித்த உழவர்கள் நெடுங்காலம் அதை வரியாகக் கட்டிவிட்டு வாற்கோதுமை, தினை, முள்ளங்கி ஆகியவற்றைக் கலந்தே வயிறு வளர்த்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வெண்சோறு அன்றாட உணவாக இருப்பதற்கு முன் பலருக்கு ஆசையாக இருந்தது.

அடுத்தது இறைச்சி விலக்கு. 675ஆம் ஆண்டில் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகிய ஐந்தின் இறைச்சியை உண்ணக் கூடாது என்று ஆணையிட்டார். இது பௌத்தத்தின் கொல்லாமையிலிருந்து பிறந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆணையைக் கூர்ந்து பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. தடை ஆண்டு முழுவதற்குமானது அன்று. நான்காம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரைக்கு மட்டுமே, அதாவது நெல் வயலில் நிற்கும் காலத்துக்கு. மக்கள் பெரிதும் வேட்டையாடித் தின்ற மானும் காட்டுப்பன்றியும் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. உழவுக்கு உதவும் விலங்கைக் காக்கும் அரசின் கணக்கும் சமயத்தின் இரக்கமும் இதில் கலந்திருக்கின்றன என்றே நான் கருதுகிறேன். ஆகவே ‘பௌத்தம்தான் காரணமா’ என்ற உங்கள் கேள்விக்குப் பாதி ஆம் என்பதே நேர்மையான விடை. பின்வந்த நூற்றாண்டுகளில் இதுபோன்ற ஆணைகள் மீண்டும் மீண்டும் பிறப்பிக்கப்பட்டன. தீட்டு பற்றி ஷிண்டோ என்ற ஜப்பானின் சொந்தச் சமயம் கொண்ட எண்ணங்களும் சேர்ந்துகொண்டன. நாற்கால் விலங்கின் இறைச்சி மதிப்பான உணவு என்ற நிலையை மெல்ல மெல்ல இழந்தது. முற்றிலும் மறைந்துவிடவில்லை. காட்டுப்பன்றியை ‘மலைத் திமிங்கிலம்’ என்று வேறு பெயரிட்டுத் தின்றார்கள். ஹிகோனே சிற்றரசு, மிசோ என்ற நொதித்த சோயா விழுதில் ஊறவைத்த மாட்டிறைச்சியை மருந்து என்ற பெயரில் ஷோகனுக்கு, அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவருக்கு, அனுப்பி வந்தது. ஆனால் அன்றாட அடுப்பில் கொழுப்பு இல்லை. நாரா, ஹெய்யான் காலத்து (எட்டு முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை) அரண்மனைகளில் பாலைச் சுண்டக் காய்ச்சி ‘சோ’ என்ற பண்டத்தைச் செய்தார்கள். அரசவையின் வலிமை குன்றியதும் அதுவும் வழக்கொழிந்தது. எண்ணெய் ஆட்டினார்கள், ஆனால் அது அரிதான பொருள். அடுப்பைவிட விளக்குக்கே மிகுதியாகப் போயிற்று.

கொழுப்பு இல்லாத இடத்தில் சுவைக்கு இரண்டு வழிகள் திறந்தன: ஒன்று நொதித்தல், மற்றொன்று வடிநீர்.

நொதித்தலின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று சுஷி. இன்று கைவிரல் அளவுச் சோற்றின்மேல் மீன் துண்டை வைத்துத் தருவதற்கும் அதன் தொடக்கத்துக்கும் வெகுதூரம். சுஷி முதலில் மீனைக் கெடாமல் காக்கும் முறை. தென்கிழக்கு ஆசியாவின் நெல்வயல் பகுதிகளில் பிறந்து சீனம் வழியாக வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எட்டாம் நூற்றாண்டின் சட்டத்திலேயே அரசுக்குச் செலுத்தும் வரிப்பொருளாக அது குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பழைய வடிவத்தை இன்றும் காண விரும்புவோர் ஷிகா மாநிலத்தின் பீவா ஏரிக்கரைக்குப் போக வேண்டும். வசந்தத்தில் சினை நிறைந்து வரும் நிகோரோபுனா என்ற கெண்டை இனத்து மீனைப் பிடித்து, வயிற்றைக் கீறாமல் செவுள் வழியாகவே குடலை இழுத்தெடுத்து, சினையை உள்ளேயே விட்டு, மாதக்கணக்கில் உப்பில் அடுக்குவார்கள். கோடையின் உச்சத்தில் உப்பைக் கழுவிக் காயவைத்து, வயிற்றுக்குள்ளும் மீன்களின் இடையிலும் வடித்த சோற்றைத் திணித்து, மரப்பீப்பாயில் அடுக்கி, மேலே கனத்த கல்லை ஏற்றிவிடுவார்கள். சோறு புளித்துக் குழைகிறது; அந்தப் புளிப்பு மீனின் முள்ளைக்கூட மென்மையாக்குகிறது. புத்தாண்டு வாக்கிலோ அடுத்த ஆண்டிலோ மூடியைத் திறந்தால், முற்றிய பாலாடைக்கட்டியை ஒத்த கூர்மையான மணம் எழும். மெல்லிய துண்டாக அரிந்து, ஆரஞ்சு நிறச் சினை வட்டமாகத் தெரியும்படி தட்டில் பரப்புவார்கள். இதுதான் ஃபுனாசுஷி. இதில் சோறு மீனைக் காக்க வந்தது. குழைந்த சோற்றைப் பெரும்பாலும் வழித்து நீக்கிவிடுவார்கள். முரோமாச்சி காலத்தில் (பதினான்கு முதல் பதினாறாம் நூற்றாண்டு வரை) காத்திருப்பைக் குறைத்துச் சோற்றையும் சேர்த்து உண்ணத் தொடங்கினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் சோற்றில் வினிகரைத் தெளித்துப் புளிப்பை உடனே வரவழைக்கும் ‘விரைவுச் சுஷி’ வந்தது. கடலில்லாத பழைய தலைநகர் கியோத்தோவுக்கு வகாசா வளைகுடாவிலிருந்து உப்பிட்ட கானாங்கெளுத்தி மீனைச் சுமைகாரர்கள் எழுபது கிலோமீட்டருக்கு மேல் மலைவழியே தூக்கி வந்தார்கள். அந்த வழிக்கே ‘கானாங்கெளுத்திச் சாலை’ என்று பெயர் நிலைத்துவிட்டது. கியோத்தோவின் புகழ்பெற்ற கானாங்கெளுத்திச் சுஷி அதில் வந்த மீனால் உண்டானது.

நொதித்தலின் மற்றொரு கிளை ‘கோஜி’ என்ற பூஞ்சை. வேகவைத்த அரிசியிலோ வாற்கோதுமையிலோ சோயாவிலோ இதைத் தூவிவிட்டால் இரண்டு நாளில் வெண்பஞ்சு போலப் படர்ந்து, மாச்சத்தைச் சர்க்கரையாகவும் புரதத்தை அமினோ அமிலங்களாகவும் உடைக்கத் தொடங்கிவிடும். சாக்கே மது, மிசோ, ஷோயு எனப்படும் சோயா சாறு, மிரின் என்ற இனிப்பான சமையல் மது, அரிசி வினிகர் ஆகிய எல்லாவற்றுக்கும் தாய் இதுவே. இந்தப் பூஞ்சையை 2006ஆம் ஆண்டில் ஜப்பானிய மது வடிப்பியல் சங்கம் ‘நாட்டுப் பூஞ்சை’ என்று அறிவித்ததை நான் மிகையாகக் கருதவில்லை. சீனத்திலிருந்து வந்த பழைய நொதிக்குழம்புகளே இதன் முன்னோடிகள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து திரும்பிய ககுஷின் என்ற துறவி கற்பித்த மிசோவின்மேல் ஊறி நின்ற நீரே சோயா சாற்றின் தொடக்கம் என்று கீ தீபகற்பத்திலுள்ள யுவாசா ஊரார் மரபாகச் சொல்லி வருகிறார்கள். எடோ காலத்தில் கிழக்கே நோதா, சோஷி ஆகிய ஊர்களில் கருநிறமும் அடர்த்தியும் கொண்ட சாறு பெருமளவில் வடிக்கப்பட்டது. மேற்கே தட்சுனோவில் நிறம் வெளிறிய, உப்புச் சற்றே கூடிய வகை நிலைத்தது. டோக்கியோவின் நூடுல்ஸ் கிண்ணம் கருத்தும் ஒசாக்காவின் கிண்ணம் தெளிந்தும் இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

இனி வடிநீர். இதற்குச் சமையலறையில் மதிப்பை ஏற்றித் தந்ததில் பௌத்தத்தின் தியானப் பிரிவான ஜென்னின் மடங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1223ஆம் ஆண்டில் இருபத்துமூன்று வயதான தோகென் என்ற ஜப்பானியத் துறவி சீனத் துறைமுகத்தில் நின்ற கப்பலில் இருந்தபோது, அறுபத்தோரு வயது முதியவர் ஒருவர் உலர்காளான் வாங்க வந்தார். அசோக மன்னரின் பெயரைத் தாங்கிய மலை மடத்தின் தலைமைச் சமையல்காரர் அவர். மறுநாள் திருநாள் என்பதால் மடத்துத் துறவிகளுக்கு நல்ல உணவு சமைக்க வேண்டும் என்று ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார். இரவு தங்கிப் போகலாமே, இந்த வயதில் தியானம் செய்வதை விட்டுவிட்டுச் சமையல் வேலை எதற்கு என்று தோகென் கேட்க, முதியவர் சிரித்து, பயிற்சி என்றால் என்னவென்று உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை என்று சொல்லிவிட்டு இருட்டுவதற்கு முன் புறப்பட்டுவிட்டார். இந்நிகழ்ச்சியைத் தோகென் 1237இல் மடத்துச் சமையல்காரருக்கான தம் நூலில் எழுதிவைத்தார். ஓர் அரிசி மணியையும் வீணாக்காமல் களைவது, காய்கறியின் இயல்பான சுவையைக் கெடுக்காமல் சமைப்பது, எளிய கீரையையும் அரிய பொருளைப் போலவே கையாள்வது என்று அந்நூல் கற்பித்தவை மடத்துச் சுவரைத் தாண்டி வந்தன. இறைச்சியும் மீனும் இல்லாத மட உணவில் கடற்பாசியும் உலர்காளானுமே சாற்றுக்கு அடிப்படை. பதினாறாம் நூற்றாண்டில் தேநீர்க்கலை ஆசான் சென் நோ ரிக்யூ தேநீர்ச் சடங்குக்கு முந்திய உணவை ஒரு சாறும் சில தொடுகறிகளும் என்று சுருக்கியமைத்தபோது இந்த மட மரபே அவருக்குக் கைகொடுத்தது. பருவத்துக்கு ஏற்ற பொருள், அதற்கு ஏற்ற கிண்ணம், தட்டில் வெற்றிடம் என்று இன்று கைசெகி என்ற பல படி விருந்துணவில் வியக்கப்படுபவை அங்கே வேர்கொண்டவை.

இந்த வடிநீருக்கு ‘தாஷி’ என்று பெயர். ஜப்பானிய உணவின் மையம் எது என்று என்னிடம் கேட்டால் சுஷியையோ சோற்றையோ சொல்ல மாட்டேன், இதையே சொல்வேன். அதன் இரு பொருள்களும் வணிகத்தால் சேர்ந்தவை. ‘கொன்பு’ என்ற தடித்த பழுப்புக் கடற்பாசி விளைவது வடக்கே குளிர்ந்த ஹொக்கைடோ கடலில். எடோ காலத்தில் வணிகக் கப்பல்கள் அதை ஏற்றிக்கொண்டு ஜப்பான் கடலோரமாக இறங்கி, ஷிமோனோசெகியைச் சுற்றி ஒசாக்காவை அடைந்தன. அங்கிருந்து ஒரு பகுதி தெற்கே சட்சுமாவுக்கும் இன்று ஒகினாவா எனப்படும் ரியூக்யூ தீவுகளுக்கும், அவற்றின் வழியே சீனத்துக்கும் சென்றது. கொன்பு சிறிதும் விளையாத ஒகினாவாவில் அது பன்றியிறைச்சியோடு வெந்து வீட்டுச் சமையலாக ஊன்றியிருப்பது அந்தக் கப்பல் வழியின் தடம். மற்றொரு பொருள் ‘கட்சுவோபுஷி’. நம் கடலில் கிடைக்கும் அதே வரிச்சூரை மீனை வேகவைத்து, முள் நீக்கி, புகையூட்டி, பூஞ்சை படரவிட்டு வெயிலில் உலர்த்துவதைப் பலமுறை செய்து, தட்டினால் மரக்கட்டைபோல ஒலிக்கும்வரை இறுக்குவார்கள். தூத்துக்குடியிலும் இலங்கையிலும் மாசிக்கருவாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மாலத்தீவில் வேகவைத்துப் புகையூட்டிக் காயவைக்கும் அந்த மாசியின் நெருங்கிய உறவு இது, பூஞ்சை என்ற ஒரு படி மட்டும் கூடுதல். நாம் இடித்துச் சம்பலில் சேர்ப்பதை அவர்கள் இழைப்புளி வைத்த பெட்டியில் மெல்லிய சீவலாகச் சீவிக்கொள்கிறார்கள்.

செய்முறை மிக எளியது, ஆனால் கவனம் கேட்பது. ஒரு லிட்டர் நீரில் பத்து கிராம் கொன்பை அரைமணி நேரம் ஊறவைத்து மெல்லிய தீயில் ஏற்ற வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தில் சிறு குமிழிகள் எழும்போதே கொன்பை எடுத்துவிட வேண்டும். கொதிக்கவிட்டால் வழவழப்பும் கடல்வாடையும் இறங்கிவிடும். பிறகு நீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்து, கட்சுவோபுஷிச் சீவலை இரண்டு கை அளவு தூவினால் அது மிதந்து, நனைந்து, ஓரிரு நிமிடத்தில் அடியில் தங்கும். துணியில் வடிக்கலாம், பிழியக் கூடாது. கிடைப்பது இளம்பொன் நிறத் தெளிநீர். நான் முதன்முதலாகச் சென்னையில் ஆழ்துளைக் கிணற்று நீரில் இதைச் செய்தபோது மணம் மட்டும் இருந்தது, சுவை இறங்கவில்லை. கேன் தண்ணீரில் செய்து பார்த்த பிறகே காரணம் புரிந்தது: கடின நீரில் கொன்பின் சாரம் எளிதில் இறங்காது. ஜப்பானின் மலைகள் செங்குத்தானவை, ஆறுகள் குறுகியவை, நீர் பெரும்பாலும் மென்னீர். கியோத்தோவின் நீர் அதிலும் மென்மையானது. அந்நகரில் கொன்புச் சாறு இவ்வளவு நுணுக்கமாக வளர்ந்ததற்கு அரண்மனையும் மடங்களும் ஒரு காரணம் என்றால் கிணற்று நீர் மற்றொரு காரணம்.

1543இல் போர்த்துக்கீசியர் தானேகஷிமா தீவில் ஒதுங்கிய பின் வறுக்கும் முறையும் சர்க்கரை இனிப்புகளும் ரொட்டியும் வந்தன. கஸ்தெரா என்ற கேக் இன்றும் நாகசாக்கியின் அடையாளம். ரொட்டியை ஜப்பானியர் ‘பான்’ என்பதும் ஈழத்தமிழர் ‘பாண்’ என்பதும் ஒரே போர்த்துக்கீசியச் சொல்லின் இரு கரைகள். தெம்புராவும் அவ்வழியில் வந்ததே என்பது பரவலான கருத்து. எண்ணெயில் பொரித்த அந்தப் பண்டத்தை எடோ மக்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள்: மாவை மெல்லியதாகக் கரைத்து, பொரித்ததைத் தாஷியும் சோயா சாறும் மிரினும் கலந்த நீரில், துருவிய முள்ளங்கியோடு, தோய்த்துத் தின்றார்கள். எண்ணெய் வந்தது, ஆனால் பழைய சுவையின் வழியாகவே வாய்க்குள் போனது.

எடோ நகரம், அதாவது இன்றைய டோக்கியோ, பதினெட்டாம் நூற்றாண்டில் பத்து லட்சம் மக்களைக் கொண்டிருந்தது. சிற்றரசர்களோடு முறைவைத்து வந்து தங்கிய சாமுராய்கள், தச்சர்கள், கூலியாட்கள் என்று தனியாக வாழ்ந்த ஆண்கள் ஏராளம். மரவீடுகள் நெருக்கமாக நின்ற நகரில் தீவிபத்தும் அடிக்கடி நேர்ந்தது. அடுப்பு மூட்டாமல் தெருவில் நின்றபடி உண்டுவிட்டுப் போக அவர்களுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. சோபா என்ற பக்வீட் நூடுல்ஸ், தெம்புரா, சுட்ட விலாங்கு, பிடி சுஷி ஆகிய நான்கும் அந்தத் தெருவில் உருப்பெற்றவை. கையால் பிடித்து உடனே தரும் நிகிரி சுஷியை 1820களில் ஹனாயா யோஹெய் என்பவர் புகழ்பெறச் செய்தார் என்பது வழக்கு. அதே காலத்தில் ஹந்தா ஊரில் மது வடித்து வந்த நகானோ மதசாயெமோன் சாக்கேயின் கசடிலிருந்து மலிவான செவ்வினிகரைச் செய்து எடோவுக்கு அனுப்பியதும் சேர்ந்தே இது பரவியது. அன்றைய சுஷி இன்றையதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரியது. பனிக்கட்டியில்லாத நாளில் பச்சை மீனை அப்படியே வைக்கவும் முடியாது. வினிகரில் ஊறியது, உப்பிட்டது, அவித்தது, சோயா சாற்றில் தோய்த்தது என்று ஏதோ ஒரு பக்குவம் செய்தே வைத்தார்கள். சூரை இனத்தின் கொழுத்த வயிற்றுச் சதையை, இன்று பெருவிலைக்குப் போகும் ‘தோரோ’வை, யாரும் விரும்பவில்லை.

அந்த நகரச் செழிப்புக்கு ஒரு விலையும் இருந்தது. எடோவில் எளியவர்களும் தீட்டிய வெள்ளரிசியைத் தின்றார்கள்; தொடுகறி குறைவு; தவிட்டோடு வைட்டமினும் போனதால் கால் வீங்கி, இதயம் தளர்ந்து மாண்டார்கள். ஊர் திரும்பினால் குணமானதால் அதற்கு ‘எடோ நோய்’ என்றே பெயர். அதுதான் பெரிபெரி. 1883இல் நெடும்பயணம் போய்வந்த ஒரு போர்க்கப்பலில் 376 பேரில் 169 பேருக்கு அந்நோய் கண்டு 25 பேர் இறந்தார்கள். கடற்படை மருத்துவர் தகாகி கனெஹிரோ மறு ஆண்டு ‘சுக்குபா’ என்ற கப்பலை ஏறத்தாழ அதே வழியில், மாற்றியமைத்த உணவோடு அனுப்பினார், ஒருவரும் இறக்கவில்லை. தரைப்படை இதை ஏற்க மறுத்து வெள்ளைச்சோற்றையே தொடர்ந்தது. 1904–05 ரஷ்யப் போரில் ஏறத்தாழ 27,000 வீரர்கள் பெரிபெரியால் மாண்டார்கள். ஜப்பானிய உணவை உடல்நலத்தின் உச்சம் என்று புகழ்பவர்கள் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும்.

1872ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டதாக அறிவிக்கப்பட்டது. மேலை நாட்டினரைப் போல வலுவான உடல் வேண்டும் என்பது அரசின் எண்ணம். அதை நாட்டுக்கு நேர்ந்த தீட்டாகக் கருதிய மலைத்துறவிகள் சிலர் அடுத்த மாதமே அரண்மனைக்குள் நுழைய முயன்று உயிரிழந்தார்கள். ஆயிரத்திருநூறு ஆண்டுப் பழக்கம் ஓர் அறிவிப்பில் கலைந்துவிடவில்லை. மக்கள் அதை ஏற்ற விதமும் பழைய வழிதான்: மாட்டிறைச்சியைத் துண்டாக்கி மிசோவிலும் சோயா சாற்றிலும் வேகவைத்தார்கள், அதிலிருந்து சுக்கியாகி வந்தது. கட்லெட்டைத் துண்டுபோட்டு, முட்டைக்கோஸும் சோறும் மிசோ சாறும் சேர்த்துச் சாப்ஸ்டிக்கால் உண்ணும் தொன்கட்சு ஆக்கினார்கள். ‘வாஷோகு’, அதாவது ஜப்பானிய உணவு, என்ற சொல்லே இக்காலத்தில்தான் தேவைப்பட்டது. மேலை உணவைக் குறிக்க ‘யோஷோகு’ என்று ஒரு சொல் வந்த பிறகே தம் உணவுக்கும் ஒரு பெயர் வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது.

நம் ‘கறி’யும் இதே வழியில் அங்கே போயிற்று. ஆங்கிலேயர் நம்மிடமிருந்து சொல்லையும் மசாலாவையும் எடுத்து, பொடியாக்கி, மாவு சேர்த்துக் கெட்டியாக்கியதை ஜப்பானியர் அவர்களிடமிருந்து பெற்று ‘கரே’ என்றார்கள். 1908ஆம் ஆண்டுக் கடற்படைச் சமையல் நூலில் அது இடம்பெற்றிருக்கிறது. நூடுல்ஸ் கடைகள் அந்தக் கரேயையும் தாஷியில் கரைத்து உடோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸ்மேல் ஊற்றின. ஜப்பானில் தஞ்சமடைந்திருந்த வங்காளப் புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸ் இதைக் கறி என்று ஏற்கவில்லை; தம் மாமனாரின் நகமுராயா கடை 1927இல் உணவகம் தொடங்கியபோது, எலும்போடு கூடிய கோழியும் மசாலாவும் சேர்ந்த இந்தியக் கறியை அங்கே அறிமுகப்படுத்தினார். டோக்கியோவின் ஷின்ஜுகுவில் அது இன்றும் பரிமாறப்படுகிறது.

தாஷியின் சுவைக்குப் பெயர் கிடைத்ததும் இந்தக் காலத்தில்தான். டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழக வேதியியலாளர் இகெதா கிகுனாயே, கொன்புச் சாற்றில் இருக்கும் ருசி இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எதிலும் அடங்கவில்லை என்று எண்ணி ஆராய்ந்து, 1908இல் அது குளுட்டமேட் என்ற அமினோ அமில உப்பு என்று கண்டறிந்து ‘உமாமி’ என்று பெயரிட்டார். மறு ஆண்டே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அவருடைய மாணவர் கொதாமா ஷிந்தாரோ 1913இல் கட்சுவோபுஷியில் இனோசினேட் என்ற மற்றொரு சுவைப்பொருளைக் கண்டார். குனினாகா அகிரா 1950களின் இறுதியில் காளானின் குவானிலேட்டை ஆராய்ந்தபோது, குளுட்டமேட்டோடு இவற்றில் ஒன்று சேர்ந்தால் சுவை கூட்டலாக வளராமல் பெருக்கலாக வளர்கிறது என்று புலப்பட்டது. கொன்பையும் கட்சுவோபுஷியையும் ஒரே பாத்திரத்தில் இட்ட பழைய சமையல்காரர்கள் நாக்கால் அறிந்திருந்ததை வேதியியல் உறுதிசெய்தது.

சாற்றில் பரிமாறும் சீனவழி நூடுல்ஸான ராமெனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1910இல் டோக்கியோவின் அசாகுசாவில் திறக்கப்பட்ட ராய்ராய்கென் கடை, யோகொஹாமாவின் சீனச் சமையல்காரர்களைக் கொண்டு நூடுல்ஸ் விற்றது. சாற்றில் சோயா சாறு சேர்ந்தது, நாளடைவில் கொன்பும் உலர்மீனும் சேர்ந்தன. 1945க்குப் பின் அரிசிப் பஞ்சத்தில் அமெரிக்கக் கோதுமை குவிந்தபோதுதான் அது நாடெங்கும் பரவியது. தைவானில் பிறந்த அந்தோ மொமொஃபுகு 1958இல் உடனடி நூடுல்ஸையும் 1971இல் கோப்பை நூடுல்ஸையும் கொண்டுவந்தார். ஒசாக்காவின் ஷிராயிஷி யோஷியாகி பீர் ஆலையின் நகரும் பட்டையைப் பார்த்துச் சுழல் சுஷிக் கடையைத் திறந்ததும் அதே 1958இல்தான். இன்று சுஷிக்கடைகளில் அனைவரும் கேட்கும் சால்மன், 1980களில் நார்வே தன் வளர்ப்பு மீனை விற்க எடுத்த முயற்சியால் வந்தது. அதற்கு முன் ஜப்பானியர் தங்கள் கடலின் சால்மனை ஒட்டுண்ணி அச்சத்தால் பச்சையாகத் தின்றதில்லை.

2013இல் யுனெஸ்கோ ‘வாஷோகு’வைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்போது அந்த மரபு வீடுகளில் மெலிந்துகொண்டிருந்தது. 1962இல் ஒருவர் ஆண்டுக்கு 118 கிலோ அரிசி உண்டார். இப்போது அதில் பாதியும் இல்லை. சோயாவில் மிகப் பெரும்பகுதி இறக்குமதி. தாஷியைக் காய்ச்சாமல் பொடியைக் கரைக்கும் வீடுகளே மிகுதி. யுனெஸ்கோ எந்தப் பண்டத்தையும் பட்டியலிடவில்லை. புத்தாண்டு உணவைச் சிறப்பாகக் குறித்து, உண்ணும் மரபையே பட்டியலிட்டது. அந்தக் காலையில் பெரும்பாலான வீடுகளில் ‘சோனி’ என்ற சாறு இருக்கும். கியோத்தோவில் வெள்ளை மிசோ கலந்த கொன்புச் சாற்றில் வேகவைத்து இடித்த பசையரிசியின் உருண்டைக் கட்டி. டோக்கியோவில் தெளிந்த கட்சுவோபுஷிச் சாற்றில் சதுரமாக வெட்டிச் சுட்ட கட்டி. ககாவாவில் உள்ளே இனிப்புப் பயறு வைத்த கட்டியை இனிப்புச் சாயல் கொண்ட வெள்ளை மிசோவில் போடுவார்கள். ககாவாக்காரர் டோக்கியோவில் மணம் முடித்தால், முதல் புத்தாண்டில் எந்தச் சாறு என்பதை இருவரும் பேசி முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.